கசியும் தண்ணீர் வீணா?

முதல் வகுப்பில் நான் முன்னுரை எதுவும் சொல்வதில்லை. பலகையில் ஒரு கேள்வியை எழுதிவிட்டு, பின்வரிசையில் போய் உட்கார்ந்துவிடுவேன். "கால்வாயில் 100 பங்கு தண்ணீர் திறந்துவிடுகிறோம். வயலுக்கு 60 பங்குதான் வந்து சேர்கிறது. மீதி 40 பங்கு வழியிலேயே மண்ணுக்குள் கசிந்துவிடுகிறது. இந்த 40 பங்கு வீணா?"

சிவில் பொறியியல் மாணவர்களிடமிருந்து பதில் உடனே வரும். வீண்தான், கால்வாயின் உட்பக்கம் கான்கிரீட் பூசினால் பெரும்பகுதியை மிச்சப்படுத்திவிடலாம். புவியியல் படித்துவிட்டு வந்த யாராவது கொஞ்சம் தயங்கிக் கேட்பார்கள்: "கசிந்த தண்ணீர் எங்கே போனது மேடம்?" நிலத்தடிக்குப் போகிறது. கீழே இருக்கிற கிணறுகளில் ஊறுகிறது. ஒரு பகுதி ஆற்றுக்கே திரும்பி வருகிறது. அப்படியானால் கிணற்றுக்காரருக்கு அது வரவு அல்லவா? இங்கே பொருளியல் மாணவர்கள் நுழைவார்கள். வாய்க்காலில் தானாக வந்துகொண்டிருந்த தண்ணீரைக் கிணற்றிலிருந்து இறைக்க மின்சாரம் வேண்டும், அந்தச் செலவு யார் தலையில்? சட்டம் படிக்கிற ஒரு பெண் போன ஆண்டு கேட்டாள்: "கசிந்த பிறகு அது யாருடைய தண்ணீர்?" வகுப்பு அப்படியே அமைதியாகிவிட்டது.

நான் நீரியல்காரி. ஆறு, மழை, மண், நிலத்தடி நீர் இவற்றின் கணக்குதான் என் படிப்பு. பல்கலைக்கழகத்தில் நிலைத்தன்மை (இயற்கை வளங்களை வருங்காலத்துக்கும் மிஞ்சும்படி பயன்படுத்துவது) பற்றிய இந்தப் பாடத்தை 11 ஆண்டுகளாக நாங்கள் நான்கு பேர் சேர்ந்து நடத்துகிறோம். நான், ஒரு பொருளியலாளர், ஒரு மானுடவியலாளர், ஒரு சட்டப் பேராசிரியர். எங்களிடம் ஒரே ஒரு கறாரான விதி உண்டு. யார் பாடம் எடுத்தாலும் மற்ற மூவரும் வகுப்பில் இருக்க வேண்டும். வாரத்துக்கு ஒருவர் வந்து தன் பங்கைச் சொல்லிவிட்டுப் போவது என்ற ஏற்பாட்டுக்கு நாங்கள் ஒத்துக்கொள்ளவே இல்லை. ஏன் என்று சொல்வதற்கு, அதற்கு முன்னால் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும்.

மூன்று ஆண்டுத் திட்டம் ஒன்று. தலைப்பிலேயே 'பல்துறை' என்ற சொல் இருந்தது. ஓர் ஆற்றுப் பாசனப் பகுதியில் எவ்வளவு தண்ணீரை மிச்சப்படுத்த முடியும் என்பது கேள்வி. கணினி மாதிரியைச் செய்யும் பொறுப்பு என்னுடையது. பயிருக்குத் தண்ணீர் எப்போது தேவையோ அப்போது விவசாயி மடையைத் திறப்பார், மண்ணில் ஈரம் போதுமானால் மூடிவிடுவார் என்று எழுதி வைத்திருந்தேன். பாடநூல்படி சரியான அனுமானம். ஆனால் மாதிரி சொன்ன அளவும் கால்வாயில் அளந்த அளவும் ஒட்டவே இல்லை. அளந்தது எப்போதும் கூடுதலாக இருந்தது. மண்ணின் ஊடுருவல் திறனை மாற்றிப் பார்த்தேன், ஆவியாதல் கணக்கைத் திருத்தினேன், அளவைக் கருவியைக்கூடச் சந்தேகப்பட்டேன். எட்டு மாதம் போனது.

கடைசியில் எல்லோருடைய அத்தியாயங்களையும் சேர்த்து பைண்டு செய்தபோது, பின்னிணைப்பில் இருந்த மானுடவியலாளரின் களக் குறிப்புகளை முதல்முறையாக வாசித்தேன். ஒரு விவசாயி அவரிடம் சொல்லியிருந்தார்: "முறை வந்தா மடையைத் திறந்துடுவோம். வயல் ஈரமா இருந்தாலும் திறந்துடுவோம். அடுத்த முறை எப்ப வருமோ, வருமோ வராதோ, யாருக்குத் தெரியும்?"

என் எட்டு மாதத்துக்கு அந்த நாலு வரியில் பதில் இருந்தது. அவர்கள் பயிரின் தேவைக்குப் பாய்ச்சவில்லை. நம்பமுடியாத கால்வாய்க்குப் பயந்து பாய்ச்சினார்கள். அந்தக் குறிப்பை எழுதியவரின் அறை என் அறைக்கு இரண்டு மாடி மேலே. முதலாம் ஆண்டின் நான்காம் மாதத்திலேயே எழுதிவிட்டிருந்தார். நானும் கேட்கவில்லை, அவருக்கும் அது எனக்குத் தேவைப்படும் என்று தெரிய வழியில்லை. ஆளுக்கொரு அத்தியாயம், ஆளுக்கொரு செலவுக் கணக்கு, ஆறு மாதத்துக்கு ஒரு கூட்டம். அந்த அறிக்கையைப் பல்துறை ஆய்வு என்று சொல்வது எனக்கு இன்றுவரை உறுத்துகிறது. பக்கத்துப் பக்கத்தில் வைத்துத் தைத்த துணி அது.

அந்த மானுடவியலாளர்தான் இன்று என்னோடு பாடம் எடுப்பவர். திட்டம் முடிந்த வாரமே மேலே போய் அவர் கதவைத் தட்டினேன். பாடம் அங்கேதான் தொடங்கியது.

சரி, முதல் கேள்விக்கு வருகிறேன். கசிவை நிறுத்தினால் தண்ணீர் மிச்சமாகும் என்று நானும் பல ஆண்டுகள் நம்பியவள்தான். உலகில் ஆறுகளிலிருந்தும் நிலத்தடியிலிருந்தும் எடுக்கப்படும் நன்னீரில் ஏறத்தாழ 70 சதவீதம் விவசாயத்துக்குப் போகிறது. ஆகவே பாசனத் திறனைக் கூட்டுவது நல்ல காரியம் என்பதில் சந்தேகம் வருவதில்லை. ஆனால் எடுப்பது வேறு, தீர்ப்பது வேறு. வயலிலிருந்து ஆவியாகவும் இலை வழியாகவும் வானத்துக்குப் போன தண்ணீர்தான் அந்த ஆற்றுப் படுகைக்கு, அதாவது ஆற்றுக்குத் தண்ணீர் வந்து சேரும் நிலப்பரப்பு முழுவதற்கும், தீர்ந்துபோன தண்ணீர். கசிந்தது பெரும்பாலும் தீரவில்லை, இடம் மாறியிருக்கிறது. சொட்டுநீர்க் குழாய் போட்ட விவசாயிக்குத் தன் பங்கில் தண்ணீர் மிஞ்சினால் என்ன செய்வார்? இன்னும் கொஞ்சம் நிலத்தைப் பயிராக்குவார், அல்லது கூடுதல் வருமானம் தருகிற, கூடுதல் தண்ணீர் குடிக்கிற பயிருக்கு மாறுவார். அவர் நிலையில் யாரும் அதைத்தான் செய்வார்கள். விளைவு, வயலில் திறன் கூடுகிறது, படுகையில் தண்ணீர் குறைகிறது. வட அமெரிக்காவின் ரியோ கிராண்டே ஆற்றுப் படுகையை எடுத்துக்கொண்டு 2008-இல் ஒரு பொருளியலாளரும் ஒரு நீர்வளப் பொறியாளரும் சேர்ந்து இதைத்தான் காட்டினார்கள்: சொட்டுநீருக்குக் கொடுக்கும் மானியம் மொத்த நீர் நுகர்வைக் கூட்டிவிடக்கூடும். தனித்தனியாக உட்கார்ந்திருந்தால் இருவரில் யாராலும் அதை முழுதாகக் கணக்கிட்டிருக்க முடியாது. ஒருவருக்குத் திரும்பிவரும் நீரைத் தெரியும், மற்றவருக்கு மானியம் வந்ததும் விவசாயி எடுக்கும் முடிவைத் தெரியும்.

எங்கள் பொருளியலாளர் இதைக் கேட்டுவிட்டு, "இது எங்களுக்கு 1865-லேயே தெரியும்" என்றார். நிலக்கரியைச் சிக்கனமாக எரிக்கும் இயந்திரங்கள் வந்தால் நிலக்கரிப் பயன்பாடு குறையாது, கூடும் என்று ஆங்கிலேயப் பொருளியலாளர் வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ் அந்த ஆண்டு எழுதியதைச் சொன்னார். அவர் 150 ஆண்டுக்கு முந்தைய செய்தி என்று சொல்வது எனக்கு அன்று புதுச் செய்தி. அதே மாதத்தில், கசிவு நீர் கிணற்றில் ஊறுவது அவருக்குப் புதுச் செய்தியாக இருந்தது.

நான் மிக விரும்பி எடுக்கிற பாடம் நேபாளப் பாசனம். அமெரிக்க ஆய்வாளர் எலினோர் ஆஸ்ட்ரமும் அவருடன் பணிபுரிந்தவர்களும் அங்கே விவசாயிகளே கட்டி நடத்துகிற பாசன அமைப்புகளையும், அரசு அமைப்பு நடத்துகிறவற்றையும் ஒப்பிட்டார்கள். ஒரு பக்கம் கல்லும் மண்ணும் மரக்கிளையும் போட்டு ஆண்டுதோறும் திரும்பக் கட்ட வேண்டிய தடுப்பணைகள். மறுபக்கம் பொறியாளர் வடிவமைத்த நிரந்தரக் கான்கிரீட் அணைகள். கடைமடைக்குத் தண்ணீர் எதில் நன்றாகப் போய்ச் சேரும் என்று மாணவர்களிடம் கேட்டால் எல்லோரும் கான்கிரீட் என்பார்கள். சராசரியாகப் பார்த்தால் விவசாயிகள் நடத்தியவற்றில்தான் நன்றாகப் போய்ச் சேர்ந்தது.

காரணம் நீரோட்டத்தில் இல்லை. மண் அணை மழையில் அடித்துக்கொண்டு போகும். அதைத் திரும்பக் கட்ட நிறையக் கைகள் வேண்டும். தலைமடைக்காரர் தனியாகக் கட்ட முடியாது, கடைமடைக்காரர் வேலைக்கு வந்தாக வேண்டும். வேலைக்கு வருகிறவருக்குத் தண்ணீர் கொடுத்தாக வேண்டும். கான்கிரீட் அணை வந்ததும் அந்தத் தேவை அற்றுப்போகிறது. தலைமடைக்காரருக்கு இனிக் கடைமடைக்காரர் தேவையில்லை. அணை பலமாகிவிட்டது, உறவு அறுந்துவிட்டது. இதை முதலில் வாசித்த அன்று நான் வரைந்து கொடுத்த தலைமதகுகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. கடைமடையில் இருந்தவர்கள் யார் என்று எந்த வரைபடத்திலும் நான் குறித்ததில்லை.

ஆஸ்ட்ரம் அரசியல் அறிவியல் படித்தவர். 1965-இல் முடித்த முனைவர் பட்டத்துக்கு அவர் எடுத்துக்கொண்டது லாஸ் ஏஞ்சலீஸ் பக்கத்து மேற்குப் படுகையின் நிலத்தடி நீர். ஆளாளுக்கு இறைத்துக் கடல்நீர் உள்ளே ஏறிக்கொண்டிருந்த இடத்தில், இறைத்தவர்களே நீதிமன்றம் வழியாகவும் பேச்சுவார்த்தை வழியாகவும் எப்படி ஒப்பந்தத்துக்கு வந்தார்கள் என்று பார்த்தார். 2009-இல் பொருளியலுக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது, அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண் அவர்தான். பொதுச் சொத்து என்றால் பாழாகியே தீரும் என்று 1968-இல் காரெட் ஹார்டின் என்ற உயிரியலாளர் எழுதிய கட்டுரையை எல்லோரும் மேற்கோள் காட்டிக்கொண்டிருந்த காலத்தில், இவர் ஊர் ஊராகப் போய், பாழாகாத இடங்களில் என்ன நடக்கிறது என்று கேட்டார். கணவர் வின்சென்டுடன் சேர்ந்து இண்டியானா பல்கலைக்கழகத்தில் 1973-இல் தொடங்கிய அமைப்புக்கு 'பட்டறை' என்று பெயர் வைத்தார்கள். எனக்கு அந்தப் பெயர் மிகப் பிடிக்கும். பட்டறையில் பக்கத்தில் நின்று பார்த்துத்தான் கற்றுக்கொள்ள முடியும்.

எங்கள் பாடத்தில் ஒரு முழு வாரம் ஒரே ஒரு சொல்லுக்குப் போகிறது. அந்தச் சொல் 'தேவை'. 1987-இல் வெளிவந்த, ஐ.நா. ஏற்படுத்திய புருன்ட்லாந்து ஆணையத்தின் அறிக்கை நீடித்த வளர்ச்சிக்குக் கொடுத்த விளக்கத்தை எல்லா மாணவர்களும் மனப்பாடமாகச் சொல்வார்கள்: வருங்காலத் தலைமுறைகள் தங்கள் தேவைகளை நிறைவேற்றிக்கொள்ளும் திறனைப் பாதிக்காமல், இன்றைய தேவைகளை நிறைவேற்றிக்கொள்வது. ஆனால் அதற்கு அடுத்த வரிகளை வாசித்தவர்கள் குறைவு. தேவை என்பதில் உலகின் ஏழைகளின் அடிப்படைத் தேவைகளுக்கு முதலிடம் என்று அங்கேயே தெளிவாக எழுதியிருக்கிறது.

நான் தேவை என்று சொன்னால் பயிருக்கு ஒரு நாளில் இத்தனை மில்லிமீட்டர் என்று அர்த்தம். பொருளியல் பாடநூலில் தேவை என்றால் ஒரு விலையில் எவ்வளவு வாங்க முன்வருகிறார்கள் என்பது. கையில் காசில்லாதவரின் தாகம் அந்தக் கணக்கில் வருவதே இல்லை. தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்திருப்பதால் குழப்பம் இன்னும் ஆழமாகப் போகிறது. ஒரே மேசையில் உட்கார்ந்து இரண்டு பேரும் 'தேவை அதிகரிக்கிறது' என்று தலையாட்டிவிட்டு, வேறுவேறு முடிவோடு எழுந்து போகலாம். சட்டப் பேராசிரியர் தேவை எப்போது உரிமையாகிறது என்று கேட்பார். மானுடவியலாளர், இது தேவை, இது ஆசை என்று பிரித்துச் சொல்லும் அதிகாரம் அந்த வீட்டில் யார் கையில் இருக்கிறது என்று கேட்பார். அந்த வாரம் முடிவில் மாணவர்கள் களைத்துப்போயிருப்பார்கள். ஆனால் அதற்குப் பிறகு அந்தச் சொல்லை அவர்கள் லேசாகப் பயன்படுத்துவதில்லை.

எங்களுக்குள் பெரிய சண்டை வந்தது தள்ளுபடி வீதத்தில். வருங்காலத்தில் வரும் ஒரு தொகையின் இன்றைய மதிப்பைக் காண, ஆண்டுக்கு எத்தனை சதவீதம் குறைத்துக்கொண்டு வருவது என்பதுதான் அந்த வீதம். இன்னும் 100 ஆண்டு கழித்து 100 அலகு சேதம் வரும் என்றால், அதைத் தடுக்க இன்று எவ்வளவு செலவழிக்கலாம்? ஆண்டுக்கு 1.4 சதவீதம் என்று வைத்தால் இன்றைய மதிப்பு சுமார் 25. காலநிலை மாற்றம் பற்றி 2006-இல் பிரிட்டிஷ் பொருளியலாளர் நிகோலஸ் ஸ்டெர்ன் தந்த அறிக்கை வைத்த வீதம் கிட்டத்தட்ட இதுதான். 4 சதவீதம் என்று வைத்தால் அதே சேதத்தின் இன்றைய மதிப்பு வெறும் 2. அறிவியல் ஒன்றுதான், வெப்பநிலைக் கணக்கும் ஒன்றுதான், ஒரு எண்ணை மாற்றியதும் அவசரம் காணாமல் போகிறது. மாணவர்களைத் தாங்களே கணக்குப் போட வைப்போம். முகங்கள் மாறும்.

நான் அன்று கோபப்பட்டேன். பிறக்காத பிள்ளைகளைத் தள்ளுபடி செய்கிற கணக்கே வேண்டாம் என்று வகுப்பிலேயே சொன்னேன். பொருளியலாளர் பொறுமையாகப் பதில் சொன்னார்: "வீதம் வேண்டாம்னு சொல்றதும் ஒரு வீதம்தான் மேடம். அது பூஜ்ஜியம். அப்படின்னா இன்னிக்கு ஏழையா இருக்கிறவங்களும், நம்மைவிடப் பணக்காரங்களா இருக்கப் போற பேரப்பிள்ளைகளும் ஒண்ணுன்னு ஆகிடும். அது உங்களுக்குச் சம்மதமா?" எனக்குச் சம்மதம் இல்லை. அதே சமயம் அந்தப் பேரப்பிள்ளைகள் பணக்காரர்களாக இருப்பார்கள் என்பதும் எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. இருவரும் அந்த இடத்திலேயே நின்றுவிட்டோம். மாணவர்கள் அறுபது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பேராசிரியர்கள் விடை தெரியாமல் நிற்பதை, நின்றும் மரியாதை குறையாமல் பேசுவதை அவர்கள் பார்ப்பது நல்லது என்று நினைக்கிறேன்.

தேர்வை அதற்கேற்ப மாற்றினோம். ஒவ்வொரு மாணவரும் தன் கருத்துக்கு எதிரான மிக வலுவான வாதத்தை, வேறொரு துறையின் மொழியில் எழுத வேண்டும். அதை அந்தத் துறை ஆசிரியர்தான் திருத்துவார். வேதியியல் மாணவர் எழுதிய பொருளியல் வாதத்தைப் பொருளியலாளர் படித்துவிட்டு, "எங்கள் ஆள் ஒருவர் இப்படித்தான் சொல்வார்" என்று ஒத்துக்கொண்டால் முழு மதிப்பெண்.

நிர்வாக விஷயத்தை நீட்ட விரும்பவில்லை. நான்கு பேர் சேர்ந்து எடுக்கும் பாடத்தை வேலைநேரக் கணக்கில் ஆளுக்குக் கால் பாடம் என்று போடுவார்கள். நாங்கள் நால்வரும் எல்லா மணிநேரமும் உட்கார்ந்திருக்கிறோம். மற்றவர் இதழில் வெளியிட்ட கட்டுரை பதவி உயர்வில் 'துறைக்கு வெளியே' என்று ஒதுக்கப்படும். எனக்கு இது பெரிய இழப்பில்லை, நான் மூத்தவள். ஆனால் இளம் ஆசிரியர் ஒருவர் ஆர்வத்தோடு வந்து, ஒரு பருவம் முடிந்ததும் "என்னால் கட்டுப்படியாகாது மேடம்" என்று விலகினார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நிலைத்தன்மை என்று பெயர்ப்பலகை வைப்பதைவிட, இந்தக் கால் பாடக் கணக்கைத் திருத்துவது அவசரம்.

ஆய்வு செய்ய வருகிற மாணவர்களிடம் ஒன்றை வற்புறுத்திச் சொல்வேன். முதலில் ஏதாவது ஒரு முறையை நன்றாகக் கற்றுக்கொள்ளுங்கள். ஆற்றில் இறங்கும் படித்துறையையும் துறை என்கிறோம், படிப்பின் பிரிவையும் துறை என்கிறோம். ஏதாவது ஒரு துறையில் இறங்கித்தான் ஆற்றுக்குள் போக முடியும். எல்லாவற்றிலும் கொஞ்சம் தெரிந்தவர் கூட்டத்தில் எல்லோரோடும் பேசிவிடுவார். ஆனால் கணக்கு ஒட்டாதபோது எங்கே ஒட்டவில்லை என்று அவரால் காட்ட முடியாது. என் எட்டு மாதம் முழுக்க வீண் இல்லை. மற்ற எல்லாக் காரணங்களையும் நான் ஒழுங்காகத் தள்ளியிருந்ததால்தான் அந்த விவசாயி சொன்ன நாலு வரியின் எடை எனக்குப் புரிந்தது.

வளாகத்தில் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். நான்கு ஆண்டுகளுக்கு முன் என் மாணவர்கள் விடுதிக் குழாய்களில் நீரோட்டத்தைக் குறைக்கும் சிறு வடிகட்டிகளை மாட்டினார்கள். நிமிடத்துக்கு எவ்வளவு மிச்சம், ஆண்டுக்கு எவ்வளவு என்று அழகான அறிக்கை. மூன்று மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால் பாதிக்கு மேல் கழற்றி, ஜன்னல் திட்டில் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. மாணவர்கள் விழிப்புணர்வுச் சுவரொட்டி ஒட்டலாம் என்றார்கள். மானுடவியலாளர், "முதல்ல கழட்டினவங்ககிட்ட கேளுங்க" என்றார்.

கழற்றியது துப்புரவுப் பணியாளர்கள். அதில் மூத்தவரான அம்மா ஒருவர் பொறுமையாக விளக்கினார். "கை கழுவுறதுக்கு அது நல்லதுதான்மா. நாங்க பக்கெட் பிடிக்கணும். ஒரு மாடிக்கு எட்டு பக்கெட். இதை மாட்டினதுல இருந்து ஒவ்வொண்ணும் நிரம்புற வரைக்கும் நின்னுக்கிட்டே இருக்கோம். ஆனா வேலை முடிக்கிற நேரத்தை யாரும் தள்ளிப் போடலையே." வாளியில் பிடிக்கும் தண்ணீர் வாளியின் அளவுதான், ஓட்டத்தைக் குறைப்பதால் ஒரு சொட்டும் மிச்சமாகாது. நீரியல் பேராசிரியரான நானே பார்த்திருக்க வேண்டிய விஷயம். மிச்சமானது எதுவும் இல்லை, போனது அவர்களுடைய நேரம். இரண்டு வாரத்தில் ஒவ்வொரு மாடியிலும் வாளி பிடிக்க ஒரு குழாயை அப்படியே விட்டுவிட்டு, மற்றவற்றில் திரும்ப மாட்டினோம். அவை இன்றும் கழற்றப்படாமல் இருக்கின்றன.

அந்த அம்மாவை அடுத்த ஆண்டு மாணவர்களின் திட்ட விளக்கக் கூட்டத்துக்கு மதிப்பீட்டாளராக அழைத்தோம். அப்புறம் ஒவ்வோர் ஆண்டும் வருகிறார். மாணவர்கள் அவருக்கு முன்னால் பேசும்போதுதான் உண்மையாகவே பதற்றப்படுகிறார்கள். இதற்கான மதிப்பூதியத்தை எந்தக் கணக்குத் தலைப்பில் கொடுப்பது என்று தேடவே அலுவலகத்தில் ஒரு பருவம் ஆனது, ஆனாலும் கொடுத்தார்கள்.

வரும் பருவத்தில் மூன்றாவது வாரத்து வகுப்பை அவரே எடுப்பதாக ஒத்துக்கொண்டிருக்கிறார். நாங்கள் நால்வரும் வழக்கம்போல் பின்வரிசையில் இருப்போம். பலகையில் எழுதுவது தனக்குச் சரிப்படாது, பக்கெட்டைக் கொண்டுவந்துவிடுகிறேன் என்று சொன்னார்.